நாலு திறப்பும் ஒரு தாங்கித் தண்ணீரும்

ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் பெண் தண்ணீர் களவெடுத்துப் பொலிஸில் மாட்டினாள் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவுகிறது. அந்தப் பெண் நான்தான். நான் களவெடுக்கவில்லை, பொலிஸ் விசாரித்தது மட்டும் உண்மை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் கூடும் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் நடந்த ஒரு சந்திப்பு. நான் ஓய்வு பெற்றுவந்த தொழிற்சாலையில் இப்போது வேலை செய்யும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் என்னை அடையாளம் கண்டு வந்து கதைத்தார்கள். ஒருத்தி கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அன்ரி, கோயில் அபிஷேகத்துக்கெண்டு நீங்கள் ஒரு பவுசர் தண்ணியை அப்பிடியே கொண்டு போனீங்களாம். உண்மையோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததைச் சொல்லத் தொடங்கினால், மற்றவள் இடையில் மறித்தாள். "மீட்டரைப் பிடிச்சு அளந்தனீங்களோ? இப்ப உதெல்லாம் சென்சர், அன்ரி. நம்பர் கொம்பியூட்டரில வரும். நாங்கள் தண்ணியைத் தொடுறதே இல்லை."

அவர்களுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பாதிக் கதையோடு ரயிலுக்கு ஓடினார்கள். மீதியை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் யோகேஸ்வரி. வேலையிடத்தில் யோகா. நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கவும் குளிர் பொறுக்கவும் பழகினேன். கல்யாணமாகி ஒஸ்லோவுக்கு வந்து கட்டடங்கள் துடைத்தேன், மொழி படித்தேன். பிறகு, புருசெத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு சிறிய பானத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பழச்சாறு, சோடா, ஊற்றுத் தண்ணீர் போத்தலில் அடைக்கிற இடம். போத்தல் கழுவும் வரிசையில் தொடங்கி, தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பொறுப்பானவளாக வந்து சேர்ந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. கற்றுக்கொடுத்தவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலையை நடத்தியவர் மாரித். வடக்கே கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நோர்வேக்காரி. என்னைவிட ஒரு சாண் உயரம். மேலுதட்டுக்குள் எப்போதும் ஒரு சிட்டிகை புகையிலைப் பொடி அடங்கியிருக்கும். எங்களோடு மட்டக்களப்பைச் சேர்ந்த தேவராசா என்ற தம்பி, பலகைத் தட்டுகளைத் தூக்கும் ட்ரக் ஓட்டினான். அவனுக்கு அவர் "மாரியக்கா". மாரித்துக்கு அது பிடித்துப்போய், அதன் அர்த்தம் மழை என்று தெரிந்த பிறகு இன்னும் பிடித்துப்போய்விட்டது.

மாரித்திடம் ஒரு பழக்கம் இருந்தது. பிழை நடந்தால் ஒருவரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட மாட்டார். அந்த அறை கோப்பி குடிக்கவும் நல்ல செய்தி சொல்லவும்தான். கெட்ட செய்தி என்றால் அது நடந்த இடத்துக்கே வருவார். எங்களுக்கு எதிரில் நிற்க மாட்டார். பக்கத்தில் வந்து நிற்பார். பழுதான இயந்திரமோ உடைந்த போத்தலோ, நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதைத் தானும் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பதில் வர எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். அப்படிப் பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் பொய் சொல்வது சரியான கஷ்டம். முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் சமாளிக்கலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில்தான் பனிப்பாறைத் தண்ணீர் எங்களிடம் வந்தது. அது முதலாளி ஹென்ரிக்கின் யோசனை. கிரீன்லாந்துப் பக்கம் கடலில் மிதக்கும் பனிப்பாறைத் துண்டுகளை ஒரு படகு வலை போட்டுப் பிடிக்கும். அவற்றைக் கழுவி, உடைத்து, உருக்கித் தாங்கிகளில் நிரப்பி நோர்வேக்குக் கொண்டுவருவார்கள். துறைமுகத்திலிருந்து பவுசர் என்கிற தண்ணீர் லொறியில் எங்களிடம் வரும். நாங்கள் அதை வாசனைத் திரவியப் போத்தல்போல அடி தடித்த கண்ணாடிப் போத்தலில் அடைப்போம். பெரிய ஹோட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் போகும்.

குழாயைத் திறந்தால் அருமையான தண்ணீர் வருகிற ஊரில் இது யாருக்கு வேண்டும் என்று முதலில் நாங்கள் சிரித்தோம். ஆனால் ஆட்கள் பைத்தியமாக வாங்கினார்கள். அதற்கு முக்கிய காரணம் விற்பனைக்குப் பொறுப்பாக இருந்த ஆர்னே. மெலிந்த, கலகலப்பான மனிதர். ஹோட்டல்காரர்கள் தொழிற்சாலை பார்க்க வந்தால், உருக்காமல் எடுத்துவைத்த பனிப்பாறைத் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குவளைக்குள் போட்டு, தண்ணீரை ஊற்றி, "சத்தம் போடாதீர்கள், கேளுங்கள்" என்பார். பனி உருக உருக, கடுகு வெடிக்கிற மாதிரிச் சடசடவென்று சத்தம் வரும். உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறுகிற சத்தம்.

"இந்தக் காற்று பனிக்குள் அகப்பட்ட காலத்தில் உலகத்தில் ஒரு புகைபோக்கியும் இருக்கவில்லை" என்பார் ஆர்னே. அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவருடைய குரல் தாழ்ந்துபோகும். விற்பதற்காகப் போடும் நடிப்பு என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் ஆட்களையும் அது விடவில்லை. எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக்குக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலை வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, உப்புப் போடாத கஞ்சி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தத் தண்ணீரில் ஒன்றும் கரைந்திருக்காது. மண்ணைத் தொடாத தண்ணீர். வந்தது உண்மையான பனிப்பாறைத் தண்ணீர்தானா என்று நாங்கள் உறுதிப்படுத்தியதும் அதை வைத்துத்தான். பவுசர் வந்தவுடன் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். வரும் குழாயை முதலில் கழுவுவேன். முதல் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்ததில் சிறு போத்தல்களை நிரப்புவேன். ஒன்றில் மீட்டரின் நுனியை விட்டு அளப்பேன். தண்ணீரில் உப்புகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று அது காட்டும். பனிப்பாறைத் தண்ணீர் என்றால் இலக்கம் பூச்சியத்தை விட்டு அசையவே சோம்பல்படும். குழாயில் வரும் நகரத் தண்ணீர் என்றால் விறுவிறென்று ஏறும். இன்னொரு போத்தலில் நாளைக் குறித்துக் குளிர்ப்பெட்டியில் வைப்பேன். பிறகுதான் தண்ணீரைத் தாங்கிக்குள் விடுவோம். போத்தலில் அடைக்கத் தொடங்குமுன் தாங்கியிலிருந்து எடுத்து மறுபடி அளப்போம். மாரித் வகுத்த முறை. யார் கண்காணித்தாலும் கண்காணிக்காவிட்டாலும் இப்படித்தான்.

இலை உதிரும் காலம் ஒன்றில் பெரிய வேலை ஒன்று வந்தது. வெளிநாட்டில் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலுக்கு, ஒரு தாங்கித் தண்ணீர் முழுவதும் போத்தலில் போக வேண்டும். வெள்ளிக்கிழமை வீத்தாஸ் பவுசரைக் கொண்டுவந்தான். லித்துவேனியாக்காரன், அதிகம் கதைக்காதவன், முன்கண்ணாடியில் மகளின் படத்தை ஒட்டிவைத்திருப்பவன். சீல் சரி. அளந்தேன், சரி. தாங்கியை நிரப்பி, அந்த அறையின் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை தாங்கியிலிருந்து தண்ணீரை எடுத்து மீட்டரை விட்டேன். இலக்கம் ஏறியது.

மீட்டரில் அழுக்கு என்று நினைத்துக் கழுவினேன். மறுபடியும் ஏறியது. பழைய மீட்டரைத் தேடி எடுத்தேன். அதுவும் அதையே சொன்னது. தாங்கியின் மட்டம் வெள்ளிக்கிழமை இருந்த அதே இடத்தில் நின்றது. ஒரு விரற்கடை குறையவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து வெள்ளிக்கிழமைப் போத்தலை அளந்தேன். பூச்சியத்துப் பக்கத்திலேயே படுத்திருந்தது.

யாரோ பனிப்பாறைத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, நகரத் தண்ணீரால் தாங்கியை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓடிப்போய்க் கதவைப் பார்த்தேன். உடைபட்டிருக்கவில்லை. அந்தக் கதவுப் பூட்டின் திறப்பு நாலு பேரிடம்தான் இருந்தது. ஹென்ரிக், மாரித், தேவராசா, நான்.

தேவராசா ட்ரக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். அவனுடைய மனைவியும் மகளும் மட்டக்களப்பில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடப் போட்ட மனுவுக்கு முடிவு வராமல் அவன் உருக்குலைந்திருந்த காலம் அது. விஷயம் விளங்கியதும் அவன் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, எனக்குப் பொலிஸ் கேஸ் ஒண்டு வந்தா எல்லாம் முடிஞ்சுது. அவங்கள் வரவே ஏலாது."

"நீ ஒண்டும் செய்யேல்லையே. ஏன் பயப்பிடுறாய்?"

"செய்யாதவனுக்கு ஒண்டும் வராதெண்டு நீங்க ஊரில கண்டீங்களா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்டு செய்யுங்க. வெள்ளிக்கிழமை அளக்க மறந்துபோச்செண்டு சொல்லுங்க. அந்தப் போத்தலை ஊத்தி விடுங்க. அப்ப பவுசரிலயே பிழையான தண்ணிதான் வந்திரிக்கு எண்டு போயிரும். நம்மள ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவன் கெட்டவன் இல்லை. பெண்சாதி பிள்ளையைக் காணாமல் தவிக்கிறவன் சொன்ன வார்த்தை அது. அந்தப் போத்தல் என் கையில்தான் இருந்தது. தண்ணீர்த்தொட்டி பக்கத்தில்தான் இருந்தது. ஊற்றினால் ஒரு நொடி.

"அப்ப வீத்தாஸின்ர தலையிலயெல்லோ விடியும்" என்றேன்.

"அவனைக் கம்பனி பாத்துக்கொள்ளும்."

"எங்களை ஒருத்தரும் பாக்க மாட்டினம் எண்டுதானே நீ பயப்பிடுறாய்? அவனை மட்டும் ஆர் பாக்கப்போகினம்?"

நான் போத்தலைக் குளிர்ப்பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு மாரித்தைக் கூப்பிடப் போனேன்.

மாரித் வந்தார். என் பக்கத்தில் நின்று தாங்கியைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அசையவில்லை.

"வெள்ளிக்கிழமை?" என்றார்.

"சரியாக இருந்தது."

"நிச்சயமா?"

"நானே அளந்தேன். போத்தல் உள்ளே இருக்கிறது."

அவர் குனிந்து தாங்கியின் மட்டத்தைப் பார்த்தார். பிறகு, "இப்படிச் சொல்வது உனக்கு நல்லதில்லை, யோகா. அது தெரியுந்தானே?" என்றார்.

"தெரியும்."

தலையை ஆட்டினார். தன் அறைக்குப் போய் ஒரு ஆமைப்பூட்டோடு திரும்பி வந்து, தாங்கியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வால்வைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அது ஏன் என்று ஹென்ரிக் வந்தபோதுதான் விளங்கியது. அவர் கேட்டது களவைப் பற்றியல்ல.

"இன்றைக்கு அடைக்கத் தொடங்கலாமா?"

"எதை?" என்றார் மாரித்.

"இருக்கிறதை. நல்ல தண்ணீர்தானே. யாருக்குத் தெரியப்போகிறது?"

"இங்கே நிற்கிற எங்கள் எல்லோருக்கும் தெரியும்."

ஹென்ரிக் பூட்டைப் பார்த்தார், மாரித்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பொலிஸுக்கு அறிவித்தார்கள்.

வந்தவர்களில் ஒரு இளம் பெண் அதிகாரி என்னோடு கதைத்தார். தண்ணீரைக் களவெடுத்தார்கள் என்றதும் அவருடன் வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். யார் வந்தாலும் தெரிந்த ஆளாகத்தான் இருக்கும். பொழுதுபடுமுன் ட்வெய்ட்டா முழுக்கத் தெரிந்துவிடும்.

"இந்தத் தண்ணீரை ஒருவர் எடுக்க வேண்டுமென்றால் எப்படி எடுப்பார்?" என்று கேட்டார்.

நான் விளக்கமாகச் சொன்னேன். எந்தப் பம்ப், எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும், நகரத் தண்ணீரை எந்தக் குழாயால் உள்ளே விடலாம், மட்டத்தை எங்கே பார்த்து நிறுத்தலாம் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே போனார். சொல்லி முடித்து அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான், ஒரு களவை நான் எவ்வளவு அழகாகச் செய்துகாட்டியிருக்கிறேன் என்று உறைத்தது.

பொலிஸ் போன பிறகு ஹென்ரிக் எங்களைப் போத்தல் வரிசைக்கு முன்னால் கூப்பிட்டார். குரல் மிக மென்மையாக இருந்தது.

"ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இது தெளியும்வரை யோகாவும் தேவராசாவும் வீட்டில் இருப்பது நல்லது."

மாரித் கேட்டார்: "திறப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது?"

"நாலு பேரிடம்."

"அப்படியென்றால் நாலு பேரும் வீட்டில் இருக்க வேண்டும்."

ஹென்ரிக் சிரித்தார். "நானுமா?"

"உன் தொழிற்சாலை. நீ இருப்பதா போவதா என்பது உன் முடிவு. என்னிடமும் திறப்பு இருக்கிறது. நான் போகிறேன்."

சொல்லிவிட்டு வெள்ளை மேலங்கியைக் கழற்றிக் கொளுவினார். அதுவரை அவர் வேலை நேரத்தில் அதைக் கழற்றி நான் கண்டதில்லை. இயந்திரங்களை நிறுத்தினார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து வாசலுக்கு வந்தார். மற்ற வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எனக்கு உதவியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு வந்த பழியில் பங்கு கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

மாரித் இல்லாமல் தொழிற்சாலையும் பூட்டிக்கிடந்தது. வீட்டில் இருந்த நாட்கள் கொடுமையானவை. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடாமலே செய்தி பரவிவிட்டது. கடையில் தெரிந்தவர்கள் மரக்கறியைக் கவனமாகப் பார்த்தார்கள். ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏன் யோகாக்கா, வேணுமெண்டால் கேட்டு வாங்கியிருக்கலாமே" என்றாள். என்மீது இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். என் கணவர் அந்த நாட்களில் டாக்சி ஓடினார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னமே, "வெளியில போய் நாலு பேருக்கு முகத்தைக் காட்டும். உள்ளுக்கை இருந்தால் செய்தது எண்டுதான் நினைப்பினம்" என்றார். அவர் சொன்னதற்காகவே ஒவ்வொரு நாளும் ட்வெய்ட்டாவுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

ஒரு நாள் கதவு மணி அடித்தது. மாரித். கையில் ஒரு காய்ந்த மீன் பொதி. "வீட்டில் இருக்க எனக்குத் தெரியவில்லை" என்றார். குசினியில் எனக்குப் பக்கத்தில் நின்று, நான் இடியப்பம் பிழிவதைப் பார்த்தார். உரலைத் தானும் வாங்கிப் பிழிந்தார். அவருடைய கைப்பலத்துக்கு மா முழுவதும் ஒரே தட்டில் குவிந்துவிட்டது. அன்றைக்குத்தான் அந்தக் கிழமையில் முதல்முறையாகச் சிரித்தேன்.

அன்று மாலை தேவராசாவும் வந்தான். மூச்சிரைக்க வந்தான்.

குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்ததால், சும்மா இருக்கிற நாளில் காருக்குக் குளிர்கால ரயர் மாற்றலாம் என்று எங்கள் தொழிற்சாலைக்கு முன்னால் இருந்த ரயர்க் கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரர் உஸ்மான், பாகிஸ்தான்காரர், எங்களுக்கு நன்றாகப் பழக்கம். ரயரைக் கழற்றிக்கொண்டே, "உங்கள் ஆட்கள் இப்போது சனிக்கிழமையும் வேலை செய்கிறீர்கள். பிறகு கிழமை நாளில் பூட்டிவைக்கிறீர்கள். என்ன தொழிற்சாலை இது?" என்று கேட்டிருக்கிறார்.

"சனிக்கிழமை ஆரைக் கண்டீங்க எண்டு கேட்டன் அக்கா. பட்டப்பகல்ல பவுசர் ஒண்டு நிண்டதாம். ஆர்னே நிண்டு கை காட்டினவராம். இவரும் கை காட்டினவராம்."

ஆர்னே அந்தக் கோடையிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். சொந்தமாக ஏதோ தொடங்கப் போவதாகச் சொல்லிக் கேக் வெட்டி எல்லோரிடமும் விடைபெற்றுப் போனவர். அது உஸ்மானுக்குத் தெரியாது.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், "பொலிஸ் உஸ்மானைக் கேட்கவில்லையா?" என்றார் மாரித்.

தேவராசா இப்போது அவருக்காக நோர்வேஜிய மொழியில் சொன்னான். "கேட்டார்களாம். சந்தேகப்படும்படி யாரையாவது கண்டாயா என்று. இல்லை என்றாராம். தெரிந்த மனிதன் பகலில் கை காட்டினால் அதில் என்ன சந்தேகம் என்று என்னிடம் கேட்கிறார்."

மாரித் எங்கள் குசினியிலிருந்தே ஹென்ரிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். "ஆர்னே போகும்போது திறப்பைத் திருப்பி வாங்கினாயா?" என்று கேட்டுவிட்டு, தன் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டார். மறுமுனையிலும் சத்தமில்லை. அந்த மௌனத்திலேயே எங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஹோட்டல்காரர்களுக்குத் தாங்கியைக் காட்டவென்று ஆர்னேயிடமும் ஒன்று கொடுத்திருந்தார்கள். திறப்பு நாலல்ல, ஐந்து.

ஆர்னே ஒளிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் தண்ணீர் முழுவதும் தாங்கிகளில் இருந்தது. பனிப்பாறைத் தண்ணீரில் மதுபானம் ஒன்று செய்து தன் பெயரில் விற்க நினைத்திருக்கிறார். படகு பிடித்துப் பனி எடுக்க அவரால் முடியவில்லை. மாரித் பிறகு அவரைப் போய்ப் பார்த்தார். குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பனிப்பாறை என்று பெயர் ஒட்டியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும், ஏன் இந்த வேலை செய்தாய் என்று கேட்டாராம்.

"எனக்குத் தெரிந்திருக்கும்" என்றாராம் ஆர்னே.

மாரித் இதை எங்களிடம் சொல்லும்போது பாதி கோபம், பாதி சிரிப்பு. "முதலாளிக்கு அந்தத் தண்ணீரில் நம்பிக்கை இல்லை. களவெடுத்தவனுக்குத்தான் இருந்தது" என்றார். குவளைக்கு முன்னால் ஆர்னேயின் குரல் தாழ்ந்தது நடிப்பில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவர்மீது எனக்கிருந்த ஆத்திரம் அதனால் தீர்ந்துவிடவில்லை. நகரத் தண்ணீரைத் தாங்கிக்குள் விட்டபோது, திங்கட்கிழமை அதை அளக்கப் போகிறவள் யார் என்று அவருக்குத் தெரியாதா? என்னைப் பற்றி அவர் நினைத்தே பார்க்கவில்லை. வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது, முடிந்தது.

தொழிற்சாலை திறந்த அன்று ஹென்ரிக் வந்தார். எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மாரித் குறுக்கே நின்று, "அறையில் வேண்டாம். எங்கே நின்று அவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னாயோ அங்கே நின்று சொல்" என்றார். ஹென்ரிக் போத்தல் வரிசைக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். வார்த்தைகள் தடுமாறின. முகம் சிவந்திருந்தது. அப்படித் தடுமாறியதாலேயே அதை நான் ஏற்றுக்கொண்டேன். பிறகு நானும் தேவராசாவும் அந்த நகரத் தண்ணீர் முழுவதையும் வடிகாலில் திறந்துவிட்டோம். அன்றிலிருந்து பூட்டுகள் மாறின. தாங்கிக் கதவைத் தனியாக ஒருவர் திறக்க முடியாதபடி மாரித் ஒழுங்கு செய்தார்.

வெளிநாட்டு ஹோட்டலுக்கு மாரித்தே தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். அவர்கள் காத்திருப்பதாகச் சொன்னது மட்டுமல்ல, இந்தக் களவுக் கதையைத் தங்கள் விருந்தாளிகளுக்குச் சொல்லலாமா என்றும் கேட்டார்கள். பேப்பரில் செய்தி வந்த பிறகு எங்கள் தண்ணீருக்கு இருந்த மவுசு இரண்டு மடங்கானது. களவெடுக்கிற அளவுக்கு அப்படி என்ன தண்ணீர் என்று ஆட்கள் தேடி வாங்கினார்கள். எனக்குத் தொலைபேசி எடுத்து இரக்கப்பட்ட அதே பெண் மறுபடி எடுத்தாள். மகளின் சாமத்தியச் சடங்குக்கு மேசையில் வைக்க ரெண்டு போத்தல் வேண்டுமாம். வாங்கிக் கொடுத்தேன். சில வருடங்களில் அந்த மோகம் அடங்கிவிட்டது. படகு அனுப்பக் கட்டுபடியாகவில்லை என்று ஹென்ரிக் நிறுத்திவிட்டார். நாங்கள் பழச்சாற்றுக்கும் சோடாவுக்கும் திரும்பினோம்.

தேவராசாவின் மனைவியும் மகளும் அடுத்த கோடையில் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்துக்கு மாரித்தும் வந்திருந்தார். அந்தச் சின்னப் பெண் முதலில் கட்டிப்பிடித்தது அவரைத்தான். உயரமாகக் கொடிக்கம்பம்போல நின்றதால் அவரைத்தான் முதலில் கண்டதாம்.

பின்னாளில் ஒரு தடவை, அன்றைக்கு ஏன் எங்களோடு வெளியே வந்தீர்கள் என்று மாரித்தைக் கேட்டேன். அவர் பொடியை உதட்டுக்குள் சரிசெய்துகொண்டு யோசித்தார். "வெள்ளிக்கிழமை சரியாக இருந்தது என்று நீ சொன்னாயே. அதைக் கேட்ட பிறகு வேறு என்ன செய்வது?" என்றார். வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் பத்திரமாக வைத்திருப்பது அதைத்தான். அவர் ஓய்வு பெற்று வடக்கே போய்விட்டார். ஒவ்வொரு மாரிகாலத்திலும் காய்ந்த மீன் வருகிறது. நான் மிளகாய்த்தூள் அனுப்புகிறேன்.

வீத்தாஸைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது.

களவுக்குப் பிறகு அடுத்த பனிப்பாறைத் தண்ணீர் வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் பவுசரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். வழக்கமாக நான் வேலை முடிக்கும்வரை இருக்கையை விட்டு அசையாதவன், அன்று இறங்கி வந்து மழைக்குள் நின்றான். அவனுடைய நோர்வேஜிய மொழி என்னுடையதைவிடக் குறைவு. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான்.

"பொலிஸ் என்னையும் கூப்பிட்டது. பயந்துகொண்டு போனேன். வெள்ளிக்கிழமை தண்ணீர் சரியாக இருந்ததென்று நீ சொல்லிவிட்டாய், போகலாம் என்றார்கள்."

"சரியாகத்தானே இருந்தது" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். குனிந்து, நிலத்தில் கிடந்த தண்ணீர்க் குழாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். நனைந்தால் அது பிணம்போலக் கனக்கும். அதைப் பூட்டுவது தொழிற்சாலை ஆட்களின் வேலை. எந்த ஓட்டுநரும் தொடமாட்டார்.

"அது என் வேலை, வீத்தாஸ்."

"தெரியும்" என்றான். "நீ போய் அள."